சூசை மாமாவுக்கு ஒரு சுலபமான சிஸ்டம்

1. ஒன்பதாவது மாடியில் சத்தம்

சூசை மாமா தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி படியேறி வந்து கதவைத் தட்டினார். ஒரு கையில் துடைப்பம். யாராவது யாரையாவது அடித்துக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து பிரித்துவிடலாம் என்ற நல்ல எண்ணத்தோடு வந்திருந்தார்.

"அங்கிள், யாரோட சண்டை? செக்யூரிட்டி கார்டைக் கூப்பிடவா?" என்று மலாயில் கேட்டார்.

"சண்டை இல்ல ஆன்ட்டி. பெர்த்ல இருக்கிற என் தங்கச்சிகிட்ட 'சாப்டியா'ன்னு கேட்டேன்" என்றார் மாமா, அவரும் மலாயில், இன்னும் இறங்காத குரலில்.

"சாப்பிட்டாங்களா?"

"அது இன்னும் தெரியல."

நான் அப்போது அவர் வீட்டு மேசையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவருக்கும் தாப்பாவ், அதாவது பார்சல், வாங்கிக்கொண்டு பினாங்கில் மெக்காலம் தெருப் பக்கத்திலுள்ள அவருடைய ஃப்ளாட்டுக்குப் போவது என் வழக்கம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. குயின் ஸ்ட்ரீட்டில், ஒரு சேலைக் கடையின் மாடியறையில், முப்பது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவன். முட்டி படியேற மறுத்ததும் கடையை மூடினேன். இப்போது ஓய்வு. ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர் டெக்னீஷியன் என்றால் என்னவென்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்குச் சொல்லிவிடுகிறேன்: முன்பு செய்த அதே வேலையை உறவினர் வீடுகளில் காப்பிக்குச் செய்பவன். அந்தக் காப்பியிலும் சர்க்கரை இருக்காது. எனக்குச் சர்க்கரை வியாதி என்பது உறவினர் எல்லோருக்கும் தெரியும்.

என் அம்மாவோடு பிறந்தவர்கள் இருவர். அம்மா மூத்தவர், நடுவில் சூசை மாமா, கடைசி ரோஸ் சின்னம்மா. அம்மா போய்விட்டார். மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லை, மாமியும் இல்லை. சின்னம்மா தன் மகள் ஷீலாவோடு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த் நகரத்துக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போன புதிதில் வாரம் ஒரு முறை போனில் இவர்கள் பேசாத கதையில்லை. பிறகு சின்னம்மாவுக்குக் காது போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது காதில் மாட்டும் கருவி வைத்தாலும் எதிரில் இருப்பவர் பேசுவதுதான் ஏதோ கேட்கும். போனை அந்தக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விசில் மட்டும் அடிக்கும்.

வீடியோ கால் போட்டுப் பார்த்தோம். மாமா போனைப் பிடிக்கும் விதத்தில் சின்னம்மாவுக்கு அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் நெற்றியை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "வழுக்க ஏறிப்போச்சு" என்று மட்டும் சொல்லிச் சின்னம்மா வைத்துவிட்டார். போனில் மெசேஜ் அனுப்பலாம் என்றால் மாமாவுக்குக் கை நடுக்கம். அந்தச் சின்னச் சின்ன எழுத்தில் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழும். ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் அங்கே சின்னம்மா தூங்கப் போயிருப்பார். அவர் காலையில் எழுந்து பதில் போடும் நேரத்தில் மாமா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருப்பார்.

நேரில் போய்ப் பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாமா விமானம் ஏறவே கூடாது என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார். சின்னம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து ஆணி வைத்திருக்கிறது. அவரும் வர முடியாது. "அடுத்த கிறிஸ்மஸுக்குப் பாப்போம்" என்று இருவரும் சில வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

அன்று ஆன்ட்டி துடைப்பத்தோடு இறங்கிப் போன பிறகு மாமா போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஜோ, நீ ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் போட்டுக் குடுத்தியே. எனக்கு ஒண்ணு போட்டுக் குடு. ரொம்ப ஈஸியானதா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ரோசுகிட்ட பேசணும். கத்தாம பேசணும்."

"இது ஒரு வேலையா மாமா! ஒரே மணி நேரம்" என்றேன்.

இத்தனை வருஷ சர்வீஸில் நான் 'ஒரே மணி நேரம்' என்று சொன்ன எந்த வேலையும் ஒரே மாதத்தில்கூட முடிந்ததில்லை. இதுவும் முடியவில்லை.

2. பெரிய பெரிய படம்

முதலில் என் மனைவியின் டேப்லட்டைக் கொண்டுபோனேன். வயதானவர்களுக்கு டச் ஸ்கிரீன்தான் சுலபம், விரலை வைத்தால் போதும் என்று கஸ்டமர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமான வாக்கியம் அது.

மாமா விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தினார். பிறகு குத்தினார்.

"மாமா, மெதுவா."

"மெதுவாத்தான் வச்சேன். உள்ள யாரும் இல்ல போல."

வயதான விரலில் ஈரம் இருக்காது. காய்ந்த விரலை டச் ஸ்கிரீன் விரலாகவே எடுத்துக்கொள்ளாது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான், மறந்திருந்தேன். சொன்னதும் மாமா, கடைக்காரர் நோட்டுப் புரட்டுவதுபோல் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு வைத்தார். வேலை செய்தது. ஐந்து நிமிஷத்தில் அந்தத் திரை கோழி கொத்தியதுபோல் ஆயிற்று. மனைவி அதைத் திரும்ப வாங்கிப் பார்த்துவிட்டு, "இனிமே இது உங்க மாமாவுக்கே இருக்கட்டும்" என்றாள். தாராள மனசு என்று நினைத்தேன். அப்புறம்தான் அவள் அதைத் துணியால் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

அடுத்து, ஸ்டோரில் கிடந்த ஒரு லேப்டாப்பைத் தூசி தட்டி, அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, முதியவர்களுக்கென்றே செய்த ஓர் இலவச லினக்ஸைப் போட்டேன். திரையில் மொத்தம் நாலே படம். ஒவ்வொன்றும் ரொட்டி சானாய் அகலம். சின்னம்மாவின் புகைப்படம் ஒன்றையே பொத்தானாக்கி வைத்தேன். அதை அழுத்தினால் அவரோடு பேச எழுத்துப் பெட்டி திறக்கும். எனக்கே என்மேல் மதிப்புக் கூடிவிட்டது.

மாமா பார்த்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிண்டர்கார்டன்ல சேத்துட்டியாடா என்ன?"

"ஈஸியா இருக்கணும்னு..."

"ஈஸின்னுதான் சொன்னேன். முட்டாளுக்குன்னு சொல்லலயே."

இருந்தாலும் மௌஸைப் பிடித்தார். இரண்டு முறை சொடுக்கச் சொன்னேன். கை நடுக்கத்தில் அது நாலு சொடுக்காயிற்று. நடுவில் மௌஸ் நகர்ந்து, சின்னம்மாவின் புகைப்படம் திரை முழுக்க ஊர்வலம் போய்க் கடைசியில் குப்பைத் தொட்டிக்குள் விழுந்தது.

மாமா மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துரு ஜோ. அவ படத்த மொதல்ல வெளிய எடுத்துரு."

எடுத்துவிட்டேன். ஆனால் அன்று அதற்கு மேல் அவர் அந்த லேப்டாப்பைத் தொடவில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார். என்னை வழியனுப்ப லிஃப்ட்வரை வருகிறவர் அன்று வாசலோடு நின்றுவிட்டார்.

3. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

தோற்ற டெக்னீஷியனுக்கு எப்போதும் ஒரு புது ஐடியா வரும். அது தோல்வியைவிட மோசமாக இருக்கும். எனக்கு வந்த ஐடியா தமிழ்.

ஆங்கிலத்தில் இருப்பதால்தான் மாமாவுக்குக் கஷ்டம், எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிவிட்டால் தாய்மொழியில் தடதடவென்று ஓட்டுவார் என்று முடிவு கட்டினேன். மெனு, பொத்தான், எச்சரிக்கை எல்லாவற்றையும் தமிழாக்கினேன். மாமா மிஷன் ஸ்கூலில் ஆங்கிலத்தில் படித்தவர், ஆபீஸில் ஆங்கிலமும் மலாயும் பேசியவர், தமிழை எழுத்தாகப் பார்ப்பது ஜெபப் புத்தகத்தில் மட்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பூசையில் அவர் பக்கத்தில் நின்றுதானே நானும் அதே புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறேன்.

மெனுவைத் திறந்து காட்டினேன். மாமா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஜெபம் சொல்லும் அதே ராகத்தில் படித்தார்.

"கோப்பு..."

நிறுத்தினார். அடுத்த வரி.

"உலாவி... அமைவுகள்... இயக்கிகள்..."

ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்குற? நான் ஒவ்வொண்ணா சொல்றேன். நீ 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லணும்ல?"

புனிதர்கள் மன்றாட்டு மாலை அப்படித்தான் போகும்: ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர்கள் அந்தப் பதிலைச் சொல்வார்கள். அன்று 'புனித உலாவியே' என்று அவர் தொடங்க, 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று நான் சொல்ல, மெனு முழுவதையும் மன்றாடி முடித்தோம். 'கட்டுப்பாட்டகமே' வரும்போது இருவருக்கும் சிரித்துச் சிரித்து மூச்சு முட்டியது.

சிரிப்பு அடங்கியதும் மாமா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத ரோசுகிட்ட சொல்லணும்டா. விழுந்து விழுந்து சிரிப்பா." பிறகு, "எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் கிளம்பும் முன், சிஸ்டத்துக்கு அப்டேட் ஒன்று வந்திருந்ததைப் பார்த்து ஓடவிட்டேன். "மாமா, இது பாட்டுக்கு ஓடட்டும். முடிஞ்சதும் தானா நிக்கும். நீங்க ஒண்ணும் தொட வேணாம்" என்றேன். மாமா மாலை ஜெபக் கூட்டத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டினார்.

4. மாமா வீட்டின் சுவிட்ச் சட்டம்

கம்ப்யூட்டரை ஒன்றும் தொட வேண்டாம் என்றுதான் சொன்னேன். சுவரிலுள்ள சுவிட்சைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: வெளியே கிளம்பினால் வீட்டிலுள்ள சுவிட்ச் அத்தனையும் அணைக்க வேண்டும். அணைத்தால் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிளக்கை, அது மறுபடி தானாகப் போய்ச் சொருகிக்கொள்ளும் என்பதுபோல், சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். பழைய பலகை வீடுகளில் நெருப்புக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஒன்பதாவது மாடி சிமெண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பயத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். ஐஸ்பெட்டி ஒன்றுக்கு மட்டும் விலக்கு. கம்ப்யூட்டர் ஐஸ்பெட்டி இல்லை. போதாக்குறைக்கு அந்த லேப்டாப்பின் பேட்டரி எப்போதோ செத்தது. பிளக்கில்தான் அது உயிர் வாழ்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு போய், பிளக்கைச் சொருகி லேப்டாப்பைத் திறந்தேன். பாதி அப்டேட்டில் கரண்டு போயிருக்கிறது. படம் இல்லை, பொத்தான் இல்லை, தமிழும் இல்லை. முழுக் கருப்பு. இடது மேல் மூலையில் வெள்ளை எழுத்தில் ஒற்றைச் சொல், 'லாகின்'. அதன் பக்கத்தில் ஒரு கோடு மினுக் மினுக் என்று விட்டு விட்டு எரிந்தது.

"அலாமாக்!" என்றேன்.

"என்னாச்சு?"

"செத்துருச்சு மாமா. மறுபடி மொதல்லருந்து போடணும். நீங்க கொஞ்சம் தள்ளி..."

மாமா தள்ளவில்லை. நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டார். முதுகை நிமிர்த்தினார். இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றி, பத்து விரலையும் எழுத்துகளின் மேல் இறக்கினார். அப்படி ஊன்றியதும் நடுக்கத்தில் பாதி அடங்கிவிட்டது. கீழே பார்க்காமல், திரையை மட்டும் பார்த்து அடித்தார்: 'ரோஸ்'. என்டர்.

திரை 'பாஸ்வேர்ட்' என்று கேட்டது.

"பாத்தியா! யாருன்னு கேட்டுச்சு. பேரச் சொன்னா ரகசிய வார்த்தை என்னன்னு கேக்குது. கீழ இருக்கிற கார்டவிட ஒழுங்கா கேக்குது லா."

நான் குனிந்து சரியான பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே நுழைத்துவிட்டேன். மாமா 'ஹலோ' என்று அடித்தார். 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து விழுந்தது. மாமா முகத்தில், பல வாரமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"புரியலன்னு நேரா சொல்லுது. படத்த ஆட்டிக் காட்டல. இது நல்ல மெஷின்டா! இத ஏன் இத்தன நாளா உள்ள ஒளிச்சு வச்சிருந்த?"

மாமா பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் டெலெக்ஸ் ஆப்பரேட்டராக இருந்தவர். ஃபாக்ஸும் ஈமெயிலும் வருவதற்கு முன் ஆபீஸுக்கு ஆபீஸ் பேசிக்கொள்ள இருந்த மெஷின் டெலெக்ஸ். இங்கே அடிக்கும் எழுத்து, அடிக்க அடிக்க அங்கே தாளில் விழும். அங்கே அடிப்பது இங்கே விழும். இப்படி எழுத்தாலேயே சிங்கப்பூரோடும் மெட்ராஸோடும் பேசியே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர்.

இது எனக்கு நேற்று தெரிந்த செய்தியா? என் சின்ன வயதில் 'மாமா என்ன வேலை பாக்குறார்?' என்று யாராவது கேட்டால், மேசையில் பத்து விரலையும் படபடவென்று தட்டிக் காட்டியவனே நான்தான். அவருக்கு டேப்லட் கொண்டுபோய்க் கொடுத்தவனும், மௌஸ் பழக்கியவனும், புனித உலாவியிடம் மன்றாட வைத்தவனும் அதே நான்தான். அவருடைய கண்ணையும் காதையும் கைநடுக்கத்தையும் கணக்கில் எடுத்தேன். அந்தக் கைக்கு என்ன தெரியும் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை.

5. இரண்டாகப் பிரித்த திரை

பழைய சிஸ்டங்களில் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. திரையை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கும். மேல்பாதியில் நீங்கள் அடிப்பது, கீழ்பாதியில் எதிர்முனையில் இருப்பவர் அடிப்பது. அவ்வளவுதான். ஆனால் இன்றைய மெசேஜுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மெசேஜ், நீங்கள் முழுசாக எழுதி அனுப்பிய பிறகுதான் போகும். இதில் ஒவ்வோர் எழுத்தும் அடித்த அந்த நொடியே அங்கே தெரியும். தயங்கினால் தயக்கம் தெரியும். அழித்தால் அழிப்பதும் தெரியும்.

பழுதான லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, படமே இல்லாத மொட்டை லினக்ஸ் ஒன்றைப் போட்டேன். திறந்தால் நேராக அந்தப் பிரித்த திரைதான் வரும். இடையில் எதுவும் கேட்காது. பேட்டரியையும் மாற்றினேன், இனி மாமா எந்தச் சுவிட்சையும் அணைத்துக்கொள்ளலாம். பிறகு ஷீலாவுக்கு போன் போட்டு, சின்னம்மாவின் கம்ப்யூட்டரிலும் அதே திரை வருவதற்கு வழி சொன்னேன்.

"ஜோ அண்ணே, கருப்பு ஸ்கிரீனா? அம்மாவ என்ன ஹேக்கர் ஆக்கப் போறீங்களா?"

"நீ போடும்மா. ஒரு தடவ பாரு."

"இது என் ஆபீஸ்ல யாராவது பாத்தா, நாங்க எந்தக் காலத்துல இருக்கோம்னு கேப்பாங்க லா."

"உங்க மாமா காலத்துலன்னு சொல்லு."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, உடுப்புக்கூட மாற்றாமல் மாமா உட்கார்ந்தார். பெர்த்துக்கும் பினாங்குக்கும் ஒரே நேரம்தான். அங்கேயும் பூசை முடிந்திருந்தது. இருவரும் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தார்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

மாமா அடித்தார்: 'யாரது?'

கீழ்பாதி சும்மா இருந்தது. கோடு மினுக்கியது. பிறகு ஓர் எழுத்து வந்தது. நின்றது. இன்னோர் எழுத்து. சின்னம்மா ஒற்றை விரலால் தேடித் தேடி அடிக்கிறார் என்பது அந்த இடைவெளியிலேயே தெரிந்தது. 'அ'. 'ண்'. 'ணே'.

மாமா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அவ வெரல் தெரியுதுடா" என்றார்.

எனக்கு அங்கே எழுத்து மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் மறுக்கத் தோன்றவில்லை.

'சாப்டியா?' என்று மாமா அடித்தார். பல மாதமாகக் கத்திக் கேட்டு, கீழ்வீடு வரைக்கும் போய்ச்சேர்ந்து, பெர்த்துக்கு மட்டும் போகாமலிருந்த கேள்வி.

'ப்ரெட்' என்று வந்தது.

'மீன் வாங்கலயா?'

'இங்க மீனுக்குத் தலையே இல்ல அண்ணே. வெட்டிப் போட்டுட்டுத்தான் விக்கிறான்.'

'தலை இல்லாத மீன எப்படி நம்புறது?'

'அதான் ப்ரெட்.'

மாமா சிரித்தார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்க.

'எழுத்தெல்லாம் தப்புத் தப்பா அடிக்கிற. மெதுவா அடி. ரயில் ஒண்ணும் போயிடல.'

'ஒனக்குப் பத்து வெரல். எனக்கு ஒண்ணு. பேச வந்துட்டான்.'

'இன்னும் கோயில்ல பாடுறியா?'

'பாடுறேன். முன்னவிட நல்லா பாடுறேன்.'

'யாரு சொன்னா?'

'யாரும் சொல்லல. எனக்குக் காது கேக்காதுல்ல. அதான் நல்லா இருக்கு.'

மாமா தடதடவென்று மன்றாட்டு மாலைக் கதையை அடித்தார். புனித உலாவி, புனித கட்டுப்பாட்டகம், 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று நான் பதில் சொல்லிக்கொண்டு நின்றது, ஒன்றையும் விடவில்லை. கீழ்பாதியில் ஹா ஹா ஹா என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. அங்கே ஷீலா போட்டோ எடுத்து என் போனுக்கு அனுப்பினாள்: சின்னம்மா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறுகை விரலால் அந்த ஒரே பொத்தானை விடாமல் குத்திக்கொண்டிருக்கிறார்.

நான் அறையின் மறுபக்கம் போய் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். இந்த இருவரும் பேசும்போது நடுவில் புகுந்து இரண்டு பேரையும் திட்டுவதற்கு என் அம்மா ஒருத்தி இருந்தாள். திரையை மூன்றாகப் பிரிக்கவும் அந்தப் புரோகிராமில் வழி உண்டு. எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

6. அழித்தது

இப்படி ஞாயிறுதோறும் நடந்தது. கொஞ்ச நாளில் ஷீலா கூப்பிட்டாள்.

"ஜோ அண்ணே, ஒரு சின்ன விஷயம். அம்மா தப்பா அடிச்சு அழிக்கிறதெல்லாம் மாமாவுக்குத் தெரியுதாம். வெக்கமா இருக்காம். முழுசா அடிச்சு முடிச்சப்புறம் போற மாதிரி மாத்த முடியுமா?"

டெக்னீஷியனிடம் 'முடியுமா?' என்று கேட்கக்கூடாது. அரைமணி வேலை, நிஜமாகவே அரைமணிதான். மாமாவிடம் சொன்னேன்.

"அதுல கை வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றார் மாமா. "அவ யோசிக்கிறது தெரியுதுடா எனக்கு. மத்ததுல அவ சொல்றது மட்டும்தான் வருது."

ஷீலாவிடம் 'முடியாது, பழைய சிஸ்டம்' என்று சொல்லிவிட்டேன். கஸ்டமரிடம் இந்தப் பொய்யை வாழ்க்கை முழுக்கச் சொல்லியிருக்கிறேன். நியாயமான காரணத்துக்குச் சொன்னது இந்த ஒருமுறைதான்.

பாடம் என்று தம்பிகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? சொல்கிறேன். வீட்டுப் பெரியவருக்கு எந்த சிஸ்டம் சுலபம் என்று உங்களிடம் யாராவது கேட்டால், உடனே படத்தைப் பெரிதாக்காதீர்கள். அவர் இத்தனை காலம் எந்த வேலை செய்தார், அந்தக் கை எதற்குப் பழகியது என்று கேளுங்கள். தையற்காரர் கை வேறு, லாரி ஓட்டியவர் கை வேறு. அதன் பிறகு, அவர் யாரோடு பேச ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள். சிஸ்டத்தைக் கடைசியில் தேர்ந்தெடுத்தால் போதும். நான் நேர்மாறாகச் செய்தேன். அதனால்தான் ஒருமணி வேலைக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுலபமாக்க முடிந்தது பேச்சை மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் வழக்கம்போல் மீன், பூசை, இடுப்பு, மாத்திரை என்று பேசி முடித்திருந்தார்கள். நான் பின்னால் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கீழ்பாதியில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, வழக்கத்தைவிட மெதுவாக வந்தது.

'வரணும் போல இருக்கு அண்ணே. ஒரு தடவ பாத்துட்டா போதும்.'

மாமா அடிக்கவில்லை. விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. கீழ்பாதியில் கோடு கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு அந்த வரியின் கடைசி எழுத்து காணாமல் போனது. அதற்கு முந்தியது போனது. ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து எல்லாம் போய், வரி இருந்த இடம் மறுபடி கருப்பாயிற்று. அந்த இடத்தில் புதிதாக வந்தது:

'இங்க மழை.'

"நீ பாத்தியா?" என்றார் மாமா, திரும்பாமல்.

"பாத்தேன் மாமா."

"ம்."

"கேளுங்களேன். என்னம்மா சொல்ல வந்தன்னு."

"அழிச்சத எப்படிடா கேக்குறது?"

நான் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். எதையாவது கிண்டலாகச் சொல்லி அந்த நிமிஷத்தைத் தாண்டிவிடுவது என் வழக்கம். வாய்வரை ஏதோ வந்தது, அதை விழுங்கிக்கொண்டேன்.

மாமா மணிக்கட்டை ஊன்றிக்கொண்டார். பத்து விரலால் அடிக்கிற மனிதர் அன்று ஒரே விரலால் அடித்தார். ஒவ்வோர் எழுத்தும் அங்கே தனித்தனியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

'எனக்கும்தான் ரோசு.'

அந்த வரியைத் திரையில் கொஞ்ச நேரம் விட்டுவைத்தார். அங்கே சின்னம்மா படித்து முடித்திருப்பார் என்று தோன்றுகிற அளவுக்கு. பிறகு பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக, அவசரமில்லாமல், அழித்தார். கடைசி எழுத்தும் போனதும் பத்து விரலையும் கீழே இறக்கி அடித்தார்:

'இங்கயும் மழைதான்.'

வெளியே வராந்தாக் கம்பியில் காயப்போட்டிருந்த அவருடைய சட்டைகள் வெயிலில் விறைத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தன.